மடித்த தாளில் ஓர் எண்

ஏவுகம்பியில் ராக்கெட்டை மாட்டுவதற்கு முன்னால், அது எத்தனை மீட்டர் உயரம் போகும் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, என் கையில் கொடுத்துவிட வேண்டும். பாதுகாப்பு விதிகளுக்கு அடுத்தபடியாக எங்கள் குழுவில் நான் எதற்காகவும் தளர்த்தாத விதி இது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்களில் ஒருவராவது கேட்பார்: "மேல போகுமான்னே தெரியல, இதுல எப்படி சார் மீட்டர் கணக்கு எழுதுறது?" தெரியாத நேரத்தில் எழுதினால்தான் அதற்குப் பெயர் கணிப்பு. பறந்து முடிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருந்ததுபோல எல்லோருக்கும் தோன்ற ஆரம்பித்துவிடும்.

இந்த விதி எனக்கு வந்த வழி பெருமைப்படக்கூடியது அல்ல. நான் மாணவனாக இருந்தபோது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக்கெட் செய்தோம். நன்றாகவே பறந்தது. கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தேய்ந்து, பிறகு பாராசூட் விரிந்து இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். "சுமார் 400 மீட்டர் உயரத்தை எட்டியது" என்று அறிக்கையில் எழுதினோம். அந்த 400 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் எதையும் அளக்கவில்லை. 300 என்றால் குறைவாகத் தெரிந்தது, 500 என்றால் அதிகமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை எழுதியது நான். பல ஆண்டுகள் கழித்துப் பாடம் நடத்த வந்து, ராக்கெட் திட்டப்பணி என் பொறுப்பில் விழுந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த வாக்கியம்தான்.

இந்த முறை வந்தவர்கள் ஆறு பேர். ஒரு பருவம் முழுக்க அவர்கள் செய்த ராக்கெட் 62 செ.மீ. நீளம், 34 மி.மீ. விட்டம். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்குக்கூம்பு, பால்சா மரத்தில் மூன்று வால் சிறகுகள், உள்ளே ஒரு பாராசூட், ஒரு சின்ன மின்னணுப் பலகை. பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள்போலத்தான் இருக்கும். ஆனால் எரிபொருள் தீரும் கணத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதைக் கையில் வைத்திருக்கும்போது இந்த எண்ணை மறக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

மோட்டாரை நாங்கள் செய்வதில்லை. ஆலையில் செய்த மோட்டார்களை வாங்கித்தான் பயன்படுத்துகிறோம். மாணவர்களுக்கு முதலில் இதில் ஏமாற்றம்தான். "எரிபொருளையும் நாமே செஞ்சாதானே சார் முழு ராக்கெட்?" என்று இந்த முறையும் ஒருவன் கேட்டான். அவனுக்கு 1950-களின் கதையைச் சொன்னேன். 1957 அக்டோபர் 4 அன்று உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த பிறகு, ராக்கெட் ஆசை தொற்றிக்கொண்ட இளைஞர்கள் பலர் கிடைத்த வேதிப்பொருள்களைக் கலந்து உலோகக் குழாய்களில் அடைத்துப் பற்றவைத்தார்கள். விரல் போனவர்கள், கண் போனவர்கள், உயிரையே இழந்தவர்கள் உண்டு. அதற்கு ஒரு வழி கண்டவர் ஆர்வில் கார்லைல். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர், வாணவேடிக்கையில் பித்து. ஸ்புட்னிக்குக்கு முன்பே, 1954-ல், அவர் செய்தது, அட்டை உறைக்குள் மோட்டார் அடைத்த, பாராசூட்டோடு திரும்பி வரும் சின்ன ராக்கெட். ராக்கெட் சோதனைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதன் அருமையை உணர்ந்து பாதுகாப்பு விதிகளாக வளர்த்தெடுத்தார். அந்த மோட்டார்களை ஒன்றுபோல அடுத்தடுத்துச் செய்து தள்ளும் இயந்திரத்தை 1950-களின் இறுதியில் வெர்ன் எஸ்டஸ் கட்டினார். இன்று உலகமெங்கும் மாணவர்கள் பயமில்லாமல் ஏவும் சின்ன ராக்கெட்டுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. எரிபொருளைத் தொடாமல் இருப்பதால் பொறியியல் குறைந்துவிடவில்லை. ஒரே மாதிரியான மோட்டார் கிடைப்பதால்தான் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் சோதிக்க முடிகிறது.

எங்கள் மோட்டாரின் மேல் டி12-5 என்று அச்சிட்டிருக்கும். எழுத்து, மொத்தக் கணத்தாக்கின் (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவு) வகுப்பு. ஏ என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி என்றால் 5 வரை, சி 10 வரை, டி 20 வரை. ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பாகும். நடுவில் உள்ள 12, சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 5 என்பது, எரிபொருள் தீர்ந்ததிலிருந்து பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்து பற்றும்வரை ஆகும் விநாடிகள். அந்த ஐந்து விநாடியில் ராக்கெட் உந்துதலே இல்லாமல், வாங்கிய வேகத்தை வைத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருக்கும்.

முதல் வாரம் ஒரு மாணவி கரும்பலகையில் கணக்குப் போட்டாள். டி வகுப்பு, 20 நியூட்டன்-விநாடி என்று தொடங்கினாள். நிறுத்தச் சொன்னேன். டி என்பது 10-க்கு மேலே 20 வரை எதுவாகவும் இருக்கலாம். உன் மோட்டாருக்கு எவ்வளவு? அவளிடம் பதில் இல்லை, எனக்கும் சொல்ல விருப்பமில்லை. அளந்துவிட்டு வரச் சொன்னேன்.

அளப்பதற்கு ஒரு சோதனைத் தாங்கி கட்டினார்கள். கனமான மரப்பலகை, அதன் மேல் லோட் செல் என்ற, விசையை அளக்கும் உணரி, அதன் மேல் மோட்டாரைத் தலைகீழாக, தீ வெளிவரும் வாயான நாசில் வானத்தைப் பார்க்கும்படி பொருத்த ஒரு குழாய். எரியும்போது தீ மேலே போகும், மோட்டார் லோட் செல்லைக் கீழே அழுத்தும். லோட் செல்லின் மெல்லிய மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற எச்எக்ஸ்711 பலகை. முதல் சோதனையின் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். உச்ச உந்துவிசை 21 நியூட்டன். வளைவு, சிறுபிள்ளை மணலில் கட்டிய குன்றுபோல மொத்தையாக இருந்தது. எத்தனை புள்ளிகள் என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தார்கள். பதினாறு. மோட்டார் எரிந்ததே 1.6 விநாடி, அந்தப் பலகை, மாற்றி அமைக்காவிட்டால், விநாடிக்குப் பத்து முறைதான் அளக்கும். கறுப்பு மருந்து மோட்டாரின் உச்சம் எரியத் தொடங்கிய கால் விநாடியை ஒட்டி வந்து சட்டென்று இறங்கிவிடும். பத்தில் ஒரு விநாடி இடைவெளியில் எடுத்த புள்ளிகள் அந்த முனையைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டன. பலகையில் உள்ள சில்லின் ஒரு முனையின் இணைப்பை மாற்றி சால்டர் செய்தால் விநாடிக்கு 80 அளவுகள் கிடைக்கும். மாற்றினார்கள். அடுத்த மோட்டாரில் உச்சம் 29 நியூட்டனைத் தொட்டது. வளைவுக்கு அடியில் உள்ள பரப்பைக் கூட்டினால் 16.9 நியூட்டன்-விநாடி. 1.6 விநாடியால் வகுத்தால் சராசரி 10.6, மேலே அச்சிட்ட 12 அல்ல. அச்சிட்டதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் முதல் படியிலேயே வழி தவறியிருப்போம்.

இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. முதல் மோட்டார் எரிந்து முடிந்தது, புகை அடங்கியது, எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒரு மாணவன் தாங்கியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். "நில்லு!" என்று கத்தினேன். அவன் நின்ற அடுத்த கணம் பாராசூட் மருந்து வெடித்தது. தலைகீழாக இருந்த மோட்டார் குழாயிலிருந்து கல்போல எகிறி அவன் நின்ற பக்கமாகவே வந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் செய்யவில்லை. பெயரிலேயே 5 என்று இருக்கிறது, எல்லோரும் பாடமாக ஒப்பித்த எண்தான் அது. தீ அணைந்ததைக் கண்ணால் பார்த்தவுடன் கால் அதை மறந்துவிட்டது. அதற்குப் பிறகு மோட்டாரைக் கவ்வியால் இறுக்கினோம். பற்றவைத்ததிலிருந்து ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை உரக்க எண்ண வேண்டும், வெடிச் சத்தம் கேட்கும்வரை யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்றும் வைத்துக்கொண்டோம்.

16.9 கைக்கு வந்ததும் அந்த மாணவி மறுபடி கரும்பலகைக்குப் போனாள். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, 150 கிராம் ராக்கெட்டுக்கு அவளுக்குக் கிடைத்த உயரம் 660 மீட்டர். அதே எண்களை, காற்றையும் சேர்த்துப் பறத்தலைக் கணக்கிடும் ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் கொடுத்தபோது 330. (சாம்போ நிஸ்கானென் என்ற பின்லாந்து மாணவர் 2009-ல் தன் முதுகலை ஆய்வேட்டுக்காக எழுதிய மென்பொருள் அது. ஒரு மாணவரின் திட்டப்பணி உலகெங்கும் மற்ற மாணவர்களின் கருவியாகியிருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.) மாணவர்கள் அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரிபாதி. வகுப்பில் நான்கு ஆண்டுகளாக "காற்றின் இழுவையைப் புறக்கணிக்கவும்" என்று படித்து வருகிறவர்கள், புறக்கணித்தது எவ்வளவு என்பதை முதல்முறையாக மீட்டரில் பார்த்தார்கள். இழுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் ராக்கெட்டின் வேகமான முதல் சில விநாடிகளில்தான் காற்று தன் பங்கை அள்ளிக்கொள்கிறது.

இனி, நேராகப் பறக்கும் விஷயம். எனக்கு இந்தத் திட்டப்பணியில் மிகப் பிடித்த பகுதி இது.

பறக்கும் ராக்கெட் எதைச் சுற்றித் திரும்பும்? தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றி. காற்று பக்கவாட்டில் தள்ளும் விசை எல்லாம் ஒரே புள்ளியில் செயல்படுவதாக எடுத்துக்கொண்டால், அந்தப் புள்ளி அழுத்த மையம். அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால், வால் பக்கம் இருந்தால், மூக்கு கொஞ்சம் விலகினாலும் காற்று வாலைத் தள்ளி ராக்கெட்டை நேராக்கிவிடும். முன்னால் இருந்தால் அதே காற்று ராக்கெட்டைக் குட்டிக்கரணம் போடவைக்கும். அம்பின் வாலில் இறகு கட்டுவதும், வாணத்துக்குப் பின்னால் நீளக் குச்சி வைப்பதும் இதற்காகத்தான். இந்த இடத்தில் பெரியவர்களும் தடுக்கியிருக்கிறார்கள். ராபர்ட் கோடார்ட் 1926 மார்ச் 16 அன்று ஏவிய உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் என்ஜின் மேலே, தொட்டிகள் கீழே. மேலிருந்து இழுத்தால் ஊசல்போல நேராகத் தொங்கும் என்பது எண்ணம். அப்படி நடக்காது, என்ஜினும் ராக்கெட்டோடு சேர்ந்தேதான் சாய்கிறது, அது தள்ளும் திசையும் கூடவே சாய்ந்துவிடும். 2.5 விநாடி பறந்து, சுமார் 12 மீட்டர் உயரம் போய் அது விழுந்தது. பிற்பாடு அவரே அந்த அமைப்பைக் கைவிட்டார்.

சின்ன ராக்கெட்டுகளுக்கு அழுத்த மையத்தைக் கையால் கணக்கிடும் சமன்பாடுகளைத் தந்தவர் ஜேம்ஸ் பாரோமன். நாசாவின் கோடார்ட் மையத்தில் ஆய்வு ராக்கெட்டுகளில் வேலை செய்தவர். மாதிரி ராக்கெட் ஆர்வலரும்கூட. 1966-ல் மாதிரி ராக்கெட்டாளர்கள் முன் அவர் வைத்த முறை இன்றும் மென்பொருள்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மூக்கின் பங்கு, சிறகுகளின் பங்கு என்று தனித்தனியாகக் கண்டு கூட்டுவது அந்த முறை. கோணம் சிறியதாக இருக்கும்வரை நேரான குழாய்க்குப் பங்கே கிடையாது என்பது மாணவர்களை வியக்கவைக்கும். மென்பொருளைத் திறப்பதற்கு முன் இதை ஒருமுறை தாளில் போட்டே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பேன். போட்டார்கள். மூக்கு நுனியிலிருந்து 43 செ.மீ. தூரத்தில் அழுத்த மையம் வந்தது. மென்பொருளும் கிட்டத்தட்ட அதையே சொன்னது.

ஈர்ப்பு மையம் கணக்கில் சிக்கவில்லை, தராசில்தான் சிக்கியது. மென்பொருள் மோட்டார் இல்லாத ராக்கெட்டுக்கு 98 கிராம் என்றது; தராசு 107 என்றது. அந்த 9 கிராம், பசையும் பெயின்ட்டும். எபாக்ஸிப் பசையைச் சிறகுகளின் அடியில் தாராளமாக அப்பியிருந்தார்கள். அதுவும் வால் பக்கம், எடை கூடவே கூடாத இடத்தில். சரி என்று ராக்கெட்டை விரல்மேல் நிறுத்திப் பார்த்து 34 செ.மீ. என்று குறித்தார்கள். அந்தப் புள்ளியில் நூலைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்றினார்கள். பழைய, நம்பகமான சோதனை: நிலையான ராக்கெட் மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றும். இதுவும் அப்படியே சுற்றியது. இரண்டு மையங்களுக்கும் நடுவே 9 செ.மீ. ஒரு விட்டத்தின் அளவாவது இடைவெளி வேண்டும் என்பது பொது வழக்கு. இங்கே இரண்டரை மடங்கு இருந்தது. எல்லோருக்கும் திருப்தி.

ஏவும் நாளுக்கு முந்தைய இரவு, குழுவில் அதிகம் பேசாத ஒரு மாணவி அழைத்தாள். "சார், நூல் கட்டிச் சுத்தினப்போ மோட்டார் உள்ள இருந்துச்சா?"

இருக்கவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், நானும் கவனிக்கவில்லை. 43 கிராம் மோட்டார், மூக்கிலிருந்து 58 செ.மீ. தூரத்தில், வாலின் கடைசியில் உட்காரும். சேர்த்துக் கணக்கிட்டால் ஈர்ப்பு மையம் 34-லிருந்து 41 செ.மீ.க்குப் பின்வாங்குகிறது. அழுத்த மையமோ 43-ல். இடைவெளி 2 செ.மீ.; ஒரு விட்டம்கூட இல்லை. அந்த நிலையில் ஏவியிருந்தால் நேராகப் போயிருக்கவும் கூடும், கம்பியை விட்டதும் மனிதர்கள் நின்ற பக்கம் திரும்பியிருக்கவும் கூடும். ஏவுதலை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். மூக்குக்கூம்புக்குள் 15 கிராம் களிமண்ணை அடைத்தார்கள். ஈர்ப்பு மையம் 37.6-க்கு முன்னேறியது, இடைவெளி ஒன்றரை விட்டத்தைத் தாண்டியது. அதற்கு விலையும் இருந்தது. எடை 165 கிராமாகி, கணித்த உயரம் 330-லிருந்து 300-க்கு இறங்கியது. எபாக்ஸியைச் சிக்கனமாகப் பூசியிருந்தால் அந்த 30 மீட்டரில் ஒரு பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பூசியவனே சொன்னான்.

அந்த இரவு வந்த அழைப்பை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். எல்லோரும் கைதட்டி முடித்த ஒரு சோதனையைத் திரும்பக் கிளறுவதற்குத் துணிவு வேண்டும். அதுவும் ஆசிரியரே பார்த்துத் தலையாட்டிய சோதனையை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பால்சாவின் இழை சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது சிறகு பிஸ்கட்போல உடையும். மூன்று சிறகுகளும் 120 பாகையில் நிற்க, குழாயைச் சுற்றி ஒரு தாளை வைத்து மூன்றாக மடித்துக் குறித்தார்கள். பாராசூட் கருகாமலிருக்கத் தீப்பிடிக்காத பஞ்சு. நிலத்தில் வைத்தே ஒரு தடவை மூக்கு கழன்று பாராசூட் வெளியே வருகிறதா என்ற சோதனை. பாராசூட்டின் அளவில் மட்டும் ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்தது. 45 செ.மீ. விட்டம் என்றால் விநாடிக்கு 4.3 மீட்டர் வேகத்தில் மெதுவாக இறங்கும். ஆனால் 250 மீட்டரிலிருந்து இறங்க ஒரு நிமிடம் பிடிக்கும், விநாடிக்கு 3 மீட்டர் காற்றடித்தால் 180 மீட்டர் தள்ளிப் போய் விழும். சின்னதாக வைத்தால் பக்கத்தில் விழும், வேகமாக மோதும். மின்னணுப் பலகையின் மேல் இருந்த கரிசனத்தால் 45-ஐயே தேர்ந்தெடுத்தார்கள்.

ஏவும் நாள். திறந்த வெளி, காற்று விநாடிக்கு 3 மீட்டர், வெப்பம் 33 பாகை. தாள் என் கைக்கு வந்தது. ஆறு கையெழுத்துகளும் இருந்தன. எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் போனார்கள். பாதுகாப்புச் சாவியைப் போட்டு, ஐந்திலிருந்து கீழே எண்ணி, பொத்தானை அழுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த அறுபது விநாடி ஒருவரும் பேசவில்லை. போய்ப் பார்த்தால், மோட்டாரைப் பற்றவைக்கும் கம்பியான இக்னைட்டரின் முனை மருந்தைத் தொடாமல் சற்றே கீழே நழுவியிருந்தது. வழக்கமான காரணம்தான். சரிசெய்து மறுபடி எண்ணினார்கள்.

சீறல் கேட்கும்போது ராக்கெட் கம்பியில் இல்லை. முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோருமே கண்ணைத் தாமதமாகத்தான் உயர்த்துவார்கள். வெண்புகைக் கோடு கொஞ்சம் காற்றுவரும் திசைப்பக்கம் சாய்ந்து ஏறியது. பிறகு சத்தமே இல்லாத சில விநாடிகள். ஒருவன் உரக்க எண்ணிக்கொண்டிருந்தான். வெகு மேலே "பட்" என்ற மெல்லிய சத்தம், பாராசூட் விரிந்தது. அதற்குள் இரண்டு பேர் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

காற்றழுத்த உணரியில் பதிவான அதிகபட்ச உயரம் 245 மீட்டர். தாளை விரித்தேன். 300, கூட்டியோ குறைத்தோ 20.

55 மீட்டர் குறைவு. அவர்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். என் மாணவப் பருவத்தில் ஒரு தாளும் இல்லாததால் எங்கள் முகம் வாடவில்லை. இந்தப் பருவத்தின் உண்மையான வேலை அந்த 55-ல்தான் தொடங்கியது.

முதலில் உணரியைச் சந்தேகித்தார்கள். வரைபடத்தில் பாராசூட் மருந்து வெடித்த கணத்தில் உயரம் சட்டென்று 60 மீட்டர் இறங்கி மறுபடி ஏறியிருந்தது. ராக்கெட் அப்படிக் குதிக்கவில்லை. வெடிப்பின் அழுத்தம் தடுப்பின் இடுக்கு வழியாக உணரி இருந்த அறைக்குள் கசிந்திருக்கிறது. அழுத்தம் கூடினால், கீழே இறங்கிவிட்டோம் என்று உணரி எடுத்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளை ஒதுக்கினார்கள். உச்சம் மாறவில்லை. அப்போது, இரவில் அழைத்த அதே மாணவி கேட்டாள்: "சார், அழுத்தத்தை உயரமா மாத்துற சூத்திரம் எந்த வெப்பநிலையை மனசுல வெச்சிருக்கு?"

15 பாகை. கணக்குகளுக்காகப் பொதுவாக வைத்துக்கொள்ளும் திட்ட வளிமண்டலத்தின் எண் அது. நிலத்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 12 பாஸ்கல் குறைந்தால் ஒரு மீட்டர் ஏறியதாகக் கணக்கு. ஆனால் சூடான காற்று இலேசானது, அதே 12 பாஸ்கல் குறைய அதிகத் தூரம் ஏற வேண்டும். 273 கூட்டிக் கெல்வினுக்கு மாற்றி, 306-ஐ 288-ஆல் வகுத்தால் ஆறு விழுக்காடு கூடுகிறது. 245 என்பது உண்மையில் 260. இடைவெளி 55-லிருந்து 40-ஆகச் சுருங்கியது. எல்லோருக்கும் உற்சாகம். எழுந்து போகத் தயாரானார்கள்.

அவள் எழவில்லை. சூடான காற்று இலேசானது என்றால் ராக்கெட்டை இழுக்கும் காற்றும் இலேசானதுதானே, மென்பொருளிலும் 15 பாகை தானே இருந்தது என்றாள். அதையும் 33-ஆக மாற்றி ஓட்டினார்கள். கணிப்பு 300-லிருந்து 307-ஆக ஏறியது. இடைவெளி 47. நமக்குச் சாதகமான திருத்தத்தை எடுத்துக்கொண்டு, பாதகமானதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எவ்வளவு ஆசையாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவள் அதைச் செய்யவில்லை. மற்ற ஐவரும் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் மறுபடி உட்கார்ந்தார்கள். அந்தப் பருவத்தில் எனக்கு மிக நிறைவளித்த கணம் அது.

மிச்சம் 47-ல், பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளி ஒரு பங்கைச் சொன்னது. ராக்கெட் சுமார் 12 பாகை சாய்ந்து போயிருந்தது. கம்பியை விடும்போது அதன் வேகம் விநாடிக்கு 13 மீட்டர்தான். குறுக்கே 3 மீட்டர் காற்று. சிறகுகள் கடமை தவறாமல் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பிவிட்டன. அதில் 10 முதல் 15 மீட்டர் போயிருக்கும். மற்றதை, மின்னணுப் பலகையில் இருந்த, முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி சொன்னது. உந்துதல் நின்ற பிறகு பறக்கும் பொருளுக்குள் இருக்கும் முடுக்கமானி ஈர்ப்பை உணராது. காற்று இழுப்பதை மட்டும் காட்டும். எரிபொருள் தீர்ந்த கணத்தில் அது 1.4 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.4 மடங்கு, காட்டியிருக்க வேண்டும். காட்டியது 1.8 ஜி. வடிவத்தையும் மேற்பரப்பையும் பொறுத்துக் காற்று எவ்வளவு இழுக்கும் என்பதைச் சொல்லும் எண்ணான இழுவைக் குணகத்தை நாங்கள் 0.5 என்று எடுத்திருந்தோம். உண்மையில் அது 0.7-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. சிறகுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அவசரத்தில் விளிம்புகளை உருட்டாமல், வெட்டியபடியே சதுரமாக விட்டிருந்தார்கள். மென்பொருளில் உருண்டை விளிம்பு என்று கொடுத்திருந்தார்கள்.

அளவீட்டோடு அதன் ஐயத்தையும் சேர்த்துச் சொல்வது பெரிய ராக்கெட்டுகளுக்கும் பொருந்தும் என்று அன்று ஓர் உதாரணம் சொன்னேன். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்கள் 2019 ஏப்ரல் 21 அன்று ஏவிய டிராவலர் 4, மாணவர்கள் மட்டுமே செய்து விண்வெளியைத் தொட்ட முதல் ராக்கெட். விண்வெளியின் எல்லையாகக் கொள்ளப்படும் 100 கி.மீ. உயரக் கார்மன் கோட்டைத் தாண்டி 103.6 கி.மீ. போனதாக அவர்கள் அறிவித்தார்கள். கூடவே, கூட்டியோ குறைத்தோ 5 கி.மீ. என்றும், கோட்டைத் தாண்டியிருப்பதற்கான உறுதி 90 விழுக்காடு என்றும் அவர்களே எழுதினார்கள். வாழ்நாள் சாதனையை அறிவிக்கும் வரியில் அந்த 10 விழுக்காட்டு ஐயத்தைச் சேர்க்க ஒரு மாணவர் குழுவுக்கு மனம் வந்தது. எங்கள் பழைய 400-ஐ அப்போது ஆறு பேரிடமும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உப்புத்தாளால் முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பைச் சீவி, இரண்டு முறை பூச்சுப் பூசித் தேய்த்து மெருகேற்றினார்கள். மூன்று வாரம் கழித்து, காற்று எழும்பாத அதிகாலையில், 27 பாகை வெப்பத்தில் இரண்டாவது ஏவல். இந்த முறை தாளில் 275, கூட்டியோ குறைத்தோ 10. அதன் கீழே அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் நான்கு வரிகள்: மோட்டாருக்கு மோட்டார் உள்ள வேறுபாடு, சாய்வு, இழுவைக் குணகம், உணரி. பதிவான உயரம் 258. வெப்பத்துக்குத் திருத்தினால் 269.

கைதட்டல் பெரிதாக இல்லை. ஒருவன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு அந்த 6 மீட்டர் எங்கே போனது என்று கேட்டான். எல்லைக்குள்தானே இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லியும் அவன் விடவில்லை. ஏவுகம்பியில் ராக்கெட்டைக் கோர்ப்பதற்காகக் குழாயின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் உறிஞ்சுகுழல் துண்டின் மேல் அவனுக்குச் சந்தேகம். சின்னதுதான், ஆனால் முழுப் பறத்தலிலும் காற்றில் நீட்டிக்கொண்டே வருகிறது. அந்தத் துண்டு இல்லாமல் ஏவ, மூன்று தண்டுகளுக்கு நடுவே ராக்கெட்டைச் சரியாக நிறுத்தும் ஒரு ஏவுகோபுரத்தை இப்போது அவன் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். பருவம் முடிந்துவிட்டது, மதிப்பெண்ணும் போட்டாகிவிட்டது. போன வாரம் பட்டறைக்கு வந்து, கோபுரம் முடிய இன்னும் பத்து நாள் ஆகும் சார் என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து நீட்டினான். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.